மண்ணீரலின் சாட்சியம்

தமிழில் உடலின் உள்ளுறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் மூன்று ஈரல்கள் தென்படும்: நுரையீரல், கல்லீரல், மண்ணீரல். காற்று நிறைந்து நுரைபோல் இருப்பது ஒன்று. கனத்துக் கிடப்பது மற்றொன்று. இரண்டிலும் சேராமல் இடது விலாவின் கீழ் ஒதுங்கியிருப்பது மூன்றாவது. முதலிரண்டைப் பற்றி மாணவர் ஏதேனும் சொல்லிவிடுவர். மண்ணீரல் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இலக்கியமும் நம் நாட்டில் அதைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வரலாறு கண்டுகொண்டது. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் இந்திய வரலாற்றில் மண்ணீரல் இரு பெரும் இடங்களில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று நலவாழ்வுத் துறையின் கணக்கேடு, மற்றொன்று நீதிமன்றம். இவ்விரு சாட்சியங்களும் ஒன்றோடொன்று எவ்வாறு மோதின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வடமொழியில் இவ்வுறுப்புக்குப் பிலீகம் என்று பெயர். நம் பழைய வைத்திய நூல்களிலும் அச்சொல் புழங்கியது. கிரேக்க மொழியின் 'ஸ்ப்ளேன்', அதன் வழியே ஆங்கிலத்துக்குச் சென்ற 'ஸ்ப்ளீன்' ஆகியவையும் அதே வேரினின்று கிளைத்தவை என்பர் மொழிநூலார். சதுப்பு நிலத்துத் தேங்கிய நீரைக் குடிப்போரின் மண்ணீரல் பருத்து இறுகியிருக்கும் என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல் குறிக்கிறது. காரணத்தை அவர்கள் நீரில் கண்டார்கள், கொசுவில் காணவில்லை. எனினும் தேங்கிய நீருக்கும் இடப்பக்க வீக்கத்துக்கும் உள்ள உறவு அன்றே கண்ணில் பட்டுவிட்டது. பின்வந்த ஐரோப்பிய மருத்துவம் மண்ணீரலைக் கரும்பித்தத்தின் இருப்பிடமாக்கியது; கரும்பித்தமோ மனச்சோர்வின் ஊற்று. 1869இல் நூலாக வெளிவந்த போதலேரின் உரைநடைக் கவிதைகள் 'பாரிஸின் ஸ்ப்ளீன்' என்று பெயர் பெற்றது இவ்வழியில்தான். நம் சரக சங்கிதை வேறொன்று சொன்னது: குருதி ஓடும் நாளங்களின் மூலம் கல்லீரலும் மண்ணீரலும் என்றது. இன்றைய அறிவோடு ஒப்பிட்டால், மண்ணீரலைக் குருதியோடு சேர்த்துப் பேசிய இந்தப் பார்வையே உண்மைக்கு அருகில் நின்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

மண்ணீரல் செய்யும் வேலை

நாம் வாழும் ஆரணி பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். தறியைப் பார்த்தவர்க்கு மண்ணீரலின் வேலையை விளக்குவது எளிது. பாவில் உள்ள ஒவ்வோர் இழையும் அச்சின் பல்லிடுக்கு வழியாகவே வந்தாக வேண்டும். நல்ல இழை வழுக்கிக்கொண்டு வரும். முடிச்சு விழுந்த இழை, பிசிர் தட்டிய இழை அவ்விடுக்கில் நிற்கும், அல்லது அறும். நெசவாளர் கை உடனே அங்கே போகும்.

மண்ணீரலின் செங்கூழ்ப் பகுதியில் குருதி ஏறத்தாழ இதே சோதனைக்கு உள்ளாகிறது. ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு ஒன்றிரண்டு மைக்ரான் அகலமேயுள்ள இடுக்கின் வழியே வளைந்து நெளிந்து வெளிவர வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இளமையும் நெகிழ்வும் உள்ள அணு வெளியேறிவிடும். முதிர்ந்து விறைத்த அணு சிக்கிக்கொள்ளும். அங்கே காத்திருக்கும் விழுங்கணுக்கள் அதை உண்டுவிடும். மலேரியாக் கிருமி குடியேறிய சிவப்பணு விறைத்துப்போகிறது. ஆகவே அதுவும் சிக்குகிறது. சில வேளைகளில் மண்ணீரல் அணுவை முழுதாக அழிப்பதில்லை. கொட்டையை நீக்கிவிட்டுப் புளியை எடுத்துக்கொள்வதுபோலக் கிருமியை மட்டும் பிடுங்கிக்கொண்டு அணுவைக் குருதியோட்டத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஆர்ட்டெசுனேட் மருந்து கொடுத்தபின் செத்த கிருமிகள் பெருமளவு இவ்வாறே நீக்கப்படுகின்றன. வெண்கூழ்ப் பகுதியில் வேறொரு வேலை நடக்கிறது: வந்த பகைவனை அடையாளம் கண்டு, அவனுக்கெதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்கும் அணுக்கள் அங்கே பயிற்சி பெறுகின்றன.

கிருமியும் இதற்கு ஒரு மாற்று வழி கண்டிருக்கிறது. மலேரியா வகைகளில் உயிர்க்கொல்லியான ஃபால்சிபாரம், சிவப்பணுவுக்குள் இருக்கும் 48 மணி நேரத்தின் பிற்பாதியில், அவ்வணுவின் மேற்புறத்தில் ஒட்டும் புரதங்களை முளைக்க வைத்து நுண்நாளச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. ஓட்டத்தில் போனால்தானே மண்ணீரலைக் கடக்க வேண்டும்? ஒட்டிக்கொண்டால் அந்தச் சோதனையிலிருந்து தப்பிவிடலாம். அது மூளையின் நுண்நாளங்களில் ஒட்டும்போது மூளை மலேரியா உண்டாகிறது. மண்ணீரலுக்கு அஞ்சி ஒளியும் கிருமி மூளையைத் தாக்குகிறது என்று சுருங்கச் சொல்லலாம்.

நலமுள்ள ஒருவரின் மண்ணீரல் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. விலாவுக்குள் ஒளிந்திருப்பதால் கைக்குத் தட்டுப்படாது. முறைக்காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரும் உடலில் வேலை மிகுந்து அது பருக்கிறது. விலாவைத் தாண்டித் தொப்புள் வரைக்கும், அதற்குக் கீழும் இறங்குவதுண்டு. பருத்த மண்ணீரலின் உறை நீண்டு மெலிகிறது. அப்போது ஓர் அடி, ஒரு விழுகை, சில வேளைகளில் எதுவுமே இல்லாமலும் அது கிழிந்து உள்ளே குருதி கொட்டிவிடும். காப்பதற்காகப் பெருத்த உறுப்பே உடலின் மிக மெல்லிய இடமாகிவிடுகிறது. இவ்விரட்டைத் தன்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிச் சொல்லப்போகும் வரலாறு விளங்கும்.

கணக்கேட்டில் மண்ணீரல்

1840களின் தொடக்கத்தில், தில்லிக்கு வடக்கே கர்னால் என்னும் ஊரில் இருந்த பெரிய படைமுகாம் காய்ச்சலால் கைவிடப்பட்டது. யமுனையிலிருந்து வெட்டிய கால்வாய்கள் அப்பகுதியில் பாய்ந்தன. பயிருக்கு வந்த நீரே காய்ச்சலுக்கும் காரணமா என்று ஆராய 1845இல் மூவர் குழு அமைக்கப்பட்டது. பேக்கர் பொறியாளர், டெம்ப்ஸ்டர் மருத்துவர், மூன்றாமவர் ஹென்றி யூல் என்னும் இளம் பொறியாளர். இந்த யூல்தான் பிற்காலத்தில் மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்தவர். தஞ்சையில் நீதிபதியாக இருந்து அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தந்த பர்னெலுடன் சேர்ந்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைத் தொகுத்தவரும் அவரே.

டெம்ப்ஸ்டருக்கு ஒரு சிக்கல் இருந்தது. காய்ச்சல் வந்து போய்விடும். சாவுக் கணக்கு ஒழுங்காக இல்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்வர். ஊரின் காய்ச்சலை எதைக்கொண்டு அளப்பது? வயிற்றைத் தொட்டுப் பார்த்து அளக்கலாம் என்று அவர் கண்டார். ஊர் ஊராகச் சென்று எத்தனை பேருக்கு மண்ணீரல் பருத்திருக்கிறது என்று எண்ணினார்கள். காய்ச்சல் போனபின்பும் அதன் சுவடு விலாவின் கீழே தங்கியிருந்தது. 1847இல் வந்த அவர்களது அறிக்கை, நீர் வடியாமல் தேங்கிய நிலங்களில் உள்ள ஊர்களில் மண்ணீரல் வீக்கம் மிகுதி என்று காட்டியது. கால்வாய் வெட்டியவர்கள் வடிகாலை மறந்தார்கள் என்பதே அதன் சாரம்.

லாவெரான் அல்ஜீரியாவில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1880இல். ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20இல். அவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் முப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, கிருமியும் அறியாமல் கொசுவும் அறியாமல், ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. ராஸும் அதைக் கைவிடவில்லை. தமிழர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க் குடியேறிய மொரீஷியஸ் தீவில் 1860களில் மலேரியா புகுந்து பல்லாயிரம் பேரை மாய்த்தது. 1907-08இல் அங்கே அழைக்கப்பட்ட ராஸ், சிறுவர்களின் மண்ணீரலை எண்ணியே தீவின் காய்ச்சல் வரைபடத்தை அமைத்தார்.

1908இன் இறுதியில் பஞ்சாபில் பெருங்காய்ச்சல் எழுந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸ் என்ற மருத்துவர் மண்ணீரல் கணக்கோடு மழையளவையும் தானிய விலையையும் சேர்த்துப் பார்த்தார். மழை மிகுந்த ஆண்டு என்பது மட்டும் போதாது. தானியம் விலையேறி மக்கள் பட்டினியில் கிடந்த ஆண்டிலேயே காய்ச்சல் கொள்ளைநோயாகிறது என்று 1911இல் வெளியான தம் நூலில் எழுதினார். மண்ணீரலை எண்ணப் போனவர் பசியையும் எண்ணிவிட்டுத் திரும்பினார்.

1950இல் உகாண்டாவின் கம்பாலாவில் கூடிய மாநாடு இக்கணக்கை உலக அளவில் முறைப்படுத்தியது. இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளில் பத்து விழுக்காட்டுக்குள் மண்ணீரல் வீக்கம் இருந்தால் அவ்வூர் குறைதொற்று ஊர். ஐம்பதைத் தாண்டினால் மிகுதொற்று ஊர். எழுபத்தைந்தைத் தாண்டினால் முழுத்தொற்று ஊர். ஒரு மருத்துவர், ஒரு குறிப்பேடு, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இவ்வளவே அதற்கு வேண்டியிருந்தன.

நீதிமன்றத்தில் மண்ணீரல்

இனி இரண்டாவது சாட்சியம். 1875ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆக்ராவில் ஃபுல்லர் என்னும் ஆங்கில வழக்கறிஞர் குடும்பத்துடன் கோவிலுக்குப் புறப்பட்டார். வண்டி ஆயத்தமாக இல்லை. குதிரைக்காரர் கட்வாருவைத் தலையிலும் முகத்திலும் அடித்தார். மயிரைப் பிடித்து இழுத்தார். கீழே விழுந்த கட்வாரு எழுந்து பக்கத்து வளாகத்துக்குள் சென்று சிறிது நேரத்தில் இறந்துபோனார். மண்ணீரல் கிழிந்ததே சாவுக்குக் காரணம் என்றும், அது முன்பே நோயால் பருத்திருந்ததால் சிறு வன்முறையோ விழுகையோ போதுமானது என்றும் மருத்துவச் சாட்சியம் கூறியது. காயம் விளைவித்த குற்றம் மட்டுமே சாட்டப்பட்டது. நீதிபதி லீட்ஸ் விதித்த தண்டனை முப்பது ரூபாய் அபராதம்; கட்டத் தவறினால் பதினைந்து நாள் சிறை.

இவ்வழக்கு தனித்த ஒன்றாக இருந்திருந்தால் மறக்கப்பட்டிருக்கும். பணியாளர், கூலிகள், பல்லக்குத் தூக்குவோர், தோட்டத் தொழிலாளர் ஆகியோர் அடியாலும் உதையாலும் இறந்த வழக்குகளில் 'பருத்த மண்ணீரல்' என்ற விளக்கம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. இந்திய இதழ்கள் அதைக் கசப்போடு எள்ளி நகையாடின. 1876இல் வைசிராயாக வந்த லிட்டன் பிரபு ஃபுல்லர் வழக்கில் தலையிட்டார். தண்டனை அற்பமானது, இன்னும் கடுமையான குற்றம் சாட்டப்பட்டிருக்க வேண்டும், திருப்பி அடிக்க இயலாதவரை அடிப்பது கோழைத்தனம் என்ற கருத்தில் அவர் எழுதிய குறிப்பு வெளியானது. லீட்ஸ் கண்டிக்கப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் கொதித்தெழுந்தன. இதே லிட்டன்தான் 1878இல் தாய்மொழி இதழ்களின் வாயை அடைக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஒருவரது செயல்களில் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைத்துவிட முடியாது.

சட்டம் என்ன சொன்னது? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 299ஆம் பிரிவின் முதல் விளக்கத்தில் ஒன்றைத் தெளிவாக்கியிருந்தது. நோயுற்ற ஒருவருக்குக் காயம் விளைவித்து அவர் சாவை விரைவுபடுத்தியவர், அச்சாவை விளைவித்தவராகவே கருதப்படுவார். ஆனால் 300ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று நோயை அறிந்து அடித்தவரையும் அறியாமல் அடித்தவரையும் வேறுபடுத்தியது. அறிந்து அடித்தால் கொலை. நோய் இருப்பதை அறியாமல், நலமுள்ளவரைக் கொல்லாத ஓர் அடி அடித்தால் கொலையன்று. 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மேற்சொன்ன விளக்கம் அதிலும் தொடர்கிறது.

ஆக எல்லாம் 'அறிதல்' என்னும் ஒரு சொல்லில் தொங்கியது. இங்கேதான் இரு சாட்சியங்களும் மோதுகின்றன. ஒருபுறம், காய்ச்சல் நிலங்களில் மண்ணீரல் வீக்கம் எவ்வளவு பரவலானது என்று 1847 முதல் அரசே அச்சிட்டு வைத்திருந்தது. மறுபுறம், அதே அரசின் நீதிமன்றங்களில் அடித்தவர் 'அவர் மண்ணீரல் பருத்திருந்ததை நான் அறியேன்' என்று சொல்ல, அது ஏற்கப்பட்டது. ஊர் முழுதும் பருத்திருக்கிறது என்று மருத்துவர் எழுதுகிறார். ஒருவருக்குப் பருத்திருந்தது தற்செயல் என்று வழக்கறிஞர் வாதிடுகிறார். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியுமா? வீக்கம் அத்தனை பொதுவானது என்றால் அடிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாத அளவுக்கு அரிது என்றால் அது ஏன் அத்தனை வழக்குகளில் தோன்றியது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் மண்ணீரலை இறந்தவரின் குறையாகப் பார்த்தது. அவருடைய உடல் பழுதுற்றது. அதனால் இறந்தார் என்பது அதன் உட்பொருள். ஆனால் அம்மண்ணீரல் பருத்தது பழுதினால் அன்று. பல பருவங்களின் காய்ச்சலை எதிர்த்து நின்றதனால். வடிகாலில்லாக் கால்வாய்களும் குளங்களும் தந்த நோயோடு போராடிய உறுப்பே போராடிய உடலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நிறுத்தப்பட்டது. ஐரோப்பியரின் குற்றங்களை இந்திய நீதிபதிகள் விசாரிக்கலாமா என்ற 1883ஆம் ஆண்டின் இல்பர்ட் மசோதாச் சண்டைக்குப் பின்னால் இத்தகைய வழக்குகளின் நினைவும் இருந்தது.

இலங்கையில் ஒரு பாடம்

மண்ணீரல் கணக்கைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1934-35 இலங்கை சான்று. அத்தீவின் உலர்வலயத்தில் மலேரியா நெடுநாளாகக் குடியிருந்தது. பிள்ளைகளின் மண்ணீரல் பருத்திருந்தது. தென்மேற்கின் ஈரவலயத்திலோ அவ்வீக்கம் அரிது. அதை நலமுள்ள பகுதி என்றே எண்ணினார்கள். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. தேங்கிய தெளிநீரில் பெருகும் அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் கொசுவுக்கு ஆற்றுப்படுகை முழுதும் தொட்டிலாயிற்று. கேகாலை, குருணாகல் பகுதிகளில் காய்ச்சல் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவில் சில மாதங்களில் எண்பதாயிரம் பேர் வரை மாண்டனர்.

மண்ணீரல் வீக்கம் மிகுந்த பகுதி பழகிய காய்ச்சலைத் தாங்கி நின்றது. வீக்கமற்ற பகுதியின் உடல்கள் அக்கிருமியை அறியாதவை, ஆகவே விழுந்தன. இதனால் வீங்கிய மண்ணீரல் ஒரு பேறு என்று ஆகிவிடாது. உலர்வலயத்துப் பிள்ளைகள் அந்த எதிர்ப்பாற்றலைச் சோகையாலும் இளஞ்சாவுகளாலும் விலை கொடுத்தே வாங்கியிருந்தார்கள். அந்நாளில் வீடுவீடாக மருந்தும் உணவும் கொண்டுசென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்களிலிருந்தே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

தமிழகத்திலும் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்கள் காய்ச்சலுக்குப் பலர் உயிரைக் கொடுத்து எழுந்தவையே. அங்கே மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் எழுதிய நாவலை, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என நம் வாசகர் பலரும் படித்திருப்பர். தோட்டத்தில் அடியும் காய்ச்சலும் ஒரே உடலின்மேல் விழுந்தன என்பதை அந்நாவல் நன்கு உணர்த்தும்.

எஞ்சியிருப்பது

விடுதலையின்போது இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டு, எட்டு இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 1953இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1960களின் நடுவில் நோயாளிகள் ஓரிலட்சம் அளவுக்குக் குறைந்தனர். பின் தளர்ச்சி வந்தது. 1976இல் அறுபது இலட்சத்தைத் தாண்டியது. இலங்கையில் 1963இல் பதினேழு நோயாளிகளே இருந்தனர். சில ஆண்டுகளில் அங்கும் காய்ச்சல் இலட்சக்கணக்கில் திரும்பியது. நெடிய உழைப்பின் பின் 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக நலவாழ்வு நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. விரல்நுனிக் குருதியில் சில நிமிடங்களில் நோயைக் கண்டறியும் சோதனை அட்டைகள் வந்தபின் வயிற்றைத் தொட்டு எண்ணும் முறை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

ஆனால் மண்ணீரலின் சாட்சியம் முடியவில்லை. இந்தோனேசியாவின் பாப்புவாப் பகுதியில், விபத்து முதலிய காரணங்களால் மண்ணீரல் அகற்றப்பட்டோரின் உறுப்புகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. காய்ச்சலே இல்லாதவர்களின் மண்ணீரலிலும் உயிருள்ள கிருமிகள் குவிந்திருந்தன. வைவாக்ஸ் வகைக் கிருமிகளில் மிகப் பெரும்பகுதி ஓடும் குருதியில் இல்லாமல் மண்ணீரலுக்குள்ளேயே தங்கியிருந்தது. ஆக விரல்நுனிக் குருதியில் கிருமி இல்லை என்றால் ஊரில் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. காவற்காரன் வீட்டிலேயே கள்வனும் ஒளிந்திருக்கிறான். இருந்தும் காவலன் வேண்டும். மண்ணீரலை இழந்தோர்க்கு மலேரியா கடுமையாக வருகிறது என்பதால், அவர்கள் காய்ச்சல் நிலங்களுக்குச் செல்லுமுன் தடுப்பு மருந்து கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

ஆரணிக்கு வருவோர்க்கு 1751இல் கிளைவ் போரிட்டதையும், 1782இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதியதையும் சொல்லும் நூல்கள் உண்டு. அப்படைகளுக்கு வண்டியோட்டியவர், நீர் சுமந்தவர், குதிரை பார்த்தவர் ஆகியோரின் காய்ச்சலை எழுதிவைத்தவர் இல்லை. அவர்களைப் போன்றோரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் இருவகைப்பட்டவை: மருத்துவர் குறிப்பேட்டில் ஒரு விழுக்காடு, வழக்கேட்டில் ஒரு பிணக்கூற்றறிக்கை. இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் படிக்க வேண்டும். கட்வாரு என்ற பெயர் நமக்குத் தெரிவது அவர் இறந்ததனால். அவர் எத்தனை மழைக்காலங்களை எதிர்த்து வாழ்ந்தார் என்பதைச் சொன்னது அவர் மண்ணீரல் ஒன்றே. முப்பது ரூபாய்க்கு அச்சாட்சியத்தைத் திருப்பிப் படித்தவர்களின் தீர்ப்பை இனியாவது நாம் நேராக்கிப் படிக்கலாம்.